குறுக்குவில்லால் மான் இறைச்சி: துவக்கு இல்லாதவருக்கு ஒரு பதில்

கனடாவில், ரொறொன்ரோவுக்குப் பக்கத்து ஏஜக்ஸில் இருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. துவக்கு (துப்பாக்கி) லைசன்ஸ் எடுக்க அவருக்கு விருப்பமில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள். மனைவிக்கும் துவக்கு என்றால் ஆகாது. குறுக்குவில்லுக்கு (crossbow) அந்த லைசன்ஸ் வேண்டாம் என்று வேலை இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து மானோ, மூஸ் என்ற பெரிய மானினமோ வேட்டையாடிக் குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கலாமா, அந்தச் சின்ன அம்பு அவ்வளவு பெரிய மிருகத்தைக் கொல்லுமா அல்லது வதைத்து ஓடவிடுமா, கடையில் ஆட்டிறைச்சி வாங்குவதைவிட மலிவாக வருமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மலிவாக வராது. குறுக்குவில் சில நூறு டொலரிலிருந்து மூவாயிரத்துக்கு மேலும் போகிறது. அதற்கு மேல் கணைகள், முனைகள், தூரமானி, பரண், குளிர் தாங்கும் உடுப்பு, சப்பாத்து, வகுப்புக் கட்டணம், லைசன்ஸ், விடிய மூன்று மணிக்கு எரிக்கும் பெற்றோல். முதல் மானின் ஒரு கிலோவுக்கு என்ன விலை ஆனது என்று கணக்குப் பார்த்தால், ஸ்காபரோவில் ஆட்டிறைச்சி விற்பவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடத் தோன்றும். ஐந்தாறு வருடம் விடாமல் போனால் கணக்கு ஓரளவு சரிவரும். காசு மிச்சம் பிடிக்கத்தான் இது என்றால் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிடலாம்.

மற்ற இரண்டுக்கும் பதில்: முடியும், கொல்லும். நான் பதினாலு இலையுதிர்காலமாக ஒன்ராறியோவில் குறுக்குவில்லோடு காட்டுக்குப் போகிறேன். ஆனால் இந்தக் கருவியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வில்லை நாணேற்றிப் பிடித்து எய்யப் பழகுவதற்கு வருடக்கணக்காகும். குறுக்குவில்லுக்கு ஒரு பின்னேரம் போதும். துவக்கு மாதிரித் தோளில் வைத்து, ஸ்கோப்பில் பார்த்து, விசையை அழுத்தினால் முப்பது மீற்றரில் தோடம்பழத்தில் அடிக்கலாம். அதனால் புதியவர்கள் இதை ஒரு சத்தம் குறைந்த துவக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். அது துவக்கு இல்லை. குறி பார்ப்பது துவக்கு மாதிரி. கொல்வது வில் மாதிரி. இந்த வித்தியாசம் மண்டையில் ஏறாதவர்கள்தான் மானைக் காயப்படுத்தி ஓடவிடுகிறார்கள்.

எண்களைப் பார்த்தால் விளங்கும். நல்லதொரு குறுக்குவில் 26 கிராம் கணையை விநாடிக்கு 120 மீற்றர் வேகத்தில் விடும் என்று வைப்போம். அதன் சக்தி 190 யூலுக்குக் கொஞ்சம் குறைவு. மான் வேட்டைக்குப் பலரும் எடுத்துப்போகும் .308 றைபிளின் குண்டு 3,500 யூல் அளவில் வரும். முயல் சுடுகிற .22 சின்னத் துவக்கின் குண்டுக்குத்தான் ஏறத்தாழ இதே 190 யூல். அந்த .22 ஐ மானுக்குப் பாவிக்க ஒன்ராறியோவில் சட்டம் விடாது. அப்படியானால் அதே சக்தியுள்ள கணையை ஏன் விடுகிறது? கணை அதிர்ச்சியால் கொல்வதில்லை, வெட்டிக் கொல்கிறது. முனையில் சவர அலகு மாதிரி உருக்குத் தகடுகள் இருக்கும், பிராட்ஹெட் என்பார்கள். அது நெஞ்சுக் கூட்டுக்குள் நுழைந்து இரண்டு நுரையீரலையும் அறுத்து மறுபக்கம் வெளியே வந்தால், மானின் மூளைக்கு இரத்தம் போவது நின்றுவிடும். ஐம்பது, நூறு மீற்றர் ஓடும். பத்துப் பதினைந்து விநாடியில் விழும். பல தடவை தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் நாலு பாய்ச்சல் பாய்ந்து நின்று, திரும்பிப் பார்த்து, அப்படியே சரியும். ஆனால் அதே கணை ஒரு சாண் பின்னால் குடலில் பட்டால் மான் சாக மணிக்கணக்காகும். றைபிள் குண்டு சில பிழைகளை மன்னிக்கும், கணை மன்னிக்காது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறுக்குவில்லுக்குத் துவக்கு லைசன்ஸ் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் மொத்த நீளம் 500 மில்லிமீற்றருக்குக் குறைந்ததும், ஒரு கையால் எய்யக்கூடியதும் கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். இணையத்தில் விற்கும் 'பிஸ்டல்' குறுக்குவில்லை ஓடர் பண்ணிவிடாதீர்கள். பெரிய வில்லை வாங்க லைசன்ஸ் வேண்டாம் என்றாலும் வேட்டைக்குப் போக வேட்டைக் கல்வி வகுப்பு முடித்து அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை எடுக்க வேண்டும். துவக்கு இல்லாமல் வில், குறுக்குவில் மட்டும் பாவிப்பவர்களுக்கு அதில் ஹெச்2 என்று ஒரு பிரிவு இருக்கிறது, உங்களுக்கு அதுதான். அதன் மேல் மான் லைசன்ஸும், ஒரு மானுக்கு ஒன்று என்று தரும் அனுமதிச் சீட்டும் (tag). கொம்பில்லா மானுக்கான சீட்டு பெரும்பாலும் குலுக்கலில் வரும். தென் ஒன்ராறியோவின் பல வட்டாரங்களில் வில் பருவம் அக்டோபர் 1 இல் தொடங்கும். சில இடங்களில் டிசம்பர் கடைசிவரை நீளும். துவக்குக்காரருக்கு ஒன்றிரண்டு கிழமைதான். உங்கள் வட்டாரத்தின் திகதியை அந்த வருடத்து ஒழுங்குவிதிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து.

கருவிக்கும் அளவு இருக்கிறது. நாண் இழுக்கும் தூரம் குறைந்தது 300 மில்லிமீற்றர். இழுவிசை மானுக்குக் குறைந்தது 45 கிலோ. மூஸுக்கும் கரடிக்கும் 54 கிலோ. முனையின் அகலம் 22 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. கூரான வெட்டு விளிம்புகள் இரண்டாவது இருக்க வேண்டும். இன்று கடையில் விற்கும் வேட்டைக் குறுக்குவில்கள் பெரும்பாலும் இதைத் தாண்டித்தான் நிற்கின்றன, அதனால் இதில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. வேறு மாகாணத்துக்குப் போனால் கதை மாறும். அல்பேர்ட்டாவில் வில் பருவத்தில் குறுக்குவில்லை அனுமதிப்பதில்லை, உடல் இயலாமைக்குச் சிறப்பு அனுமதி இருந்தால் தவிர. பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டு மிருகங்களை வில்லாலோ குறுக்குவில்லாலோ கொல்லவே கூடாது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்ற பேச்சே இல்லை. இலங்கையிலும் மானும் மரையும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

எந்த வில் வாங்குவது? இரண்டு வகை. ஒன்று கப்பி, கம்பியோடு வரும் கொம்பவுண்ட். ஒடுக்கமானது, வேகமானது, நாண் அறுந்தால் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மற்றது கப்பியில்லாத வெறும் வளைவு வில் (recurve). ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் செய்யும் எக்ஸ்காலிபர் அந்த வகையில் பேர்பெற்றது. அகலம் கூட, இழுக்கக் கஷ்டம். ஆனால் காட்டுக்குள் வைத்தே நாணை மாற்றலாம். நான் வளைவு வில்காரன், அதனால் என் சிபாரிசை அப்படியே எடுக்காதீர்கள். வேகத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். விநாடிக்கு நூறு மீற்றர் விடும் பழைய வில்லும் இருபத்தைந்து மீற்றரில் மானை ஊடுருவிப் போகும். மிச்சக் காசில் நல்ல முனைகளும் பரணுக்கு நல்ல பாதுகாப்புப் பட்டியும் வாங்கலாம்.

பாதுகாப்பில் மூன்று விடயம். கணை இல்லாமல் ஒருபோதும் விசையை அழுத்தாதீர்கள். கணைக்குப் போக வேண்டிய சக்தி முழுதும் வில்லுக்கே திரும்பி, வில்லின் கை வெடித்துச் சிதறலாம். எய்யும்போது முன்கையின் பெருவிரல் நாண் ஓடும் பாதைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் அந்த விரலை மறந்துவிடலாம். மூன்றாவது, நாணை நிலத்தில் வைத்து ஏற்றுங்கள், கயிற்றுக் கொக்கி பாவித்தால் பாதிப் பாரம்தான் கைக்கு வரும். கணை வைக்காமல், பரணில் ஏறிப் பட்டியைப் பூட்டிய பிறகு வில்லைக் கயிற்றால் மேலே இழுத்தெடுங்கள். மான் வேட்டைக்காரர் பலர் அடிபடுவது பரணிலிருந்து விழுந்துதான். பொழுது பட்டதும் நாணை இறக்க, பழைய கணை ஒன்றை மண்ணிலோ பயிற்சிப் பையிலோ எய்துவிடுவது வழக்கம். (பரண், நாண், கணை, குறி என்று இந்த வேலைக்கு வேண்டிய சொல்லெல்லாம் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. மொழியில் ஒரு குறையும் இல்லை. எங்களுக்குத்தான் பழக்கம் விட்டுப்போனது.)

இடம். தென் ஒன்ராறியோவில் மான் கூடுதலாக இருப்பது தனியார் தோட்டக் காணிகளில். சோளமும் சோயாவும் விளையும் வயல், அதையொட்டி ஒரு துண்டுக் காடு. அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. கோடையிலேயே போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் இல்லை என்பார்கள். குறுக்குவில் மட்டும்தான், துவக்கு இல்லை என்று சொன்னால் சிலர் மனம் மாறுவார்கள். காணிக்காரரிடம் மாடு கன்று இருந்தால் சத்தமில்லாத ஆளைத்தான் அவருக்குப் பிடிக்கும். பொது இடம் வேண்டுமென்றால் சிம்கோ கவுண்டியின் காடுகள் மாதிரி வேட்டைக்கு விடும் இடங்கள் உண்டு. சனி ஞாயிறில் அங்கே மானைவிட மனிதர் கூட.

இனித்தான் முக்கியமான இடம்: எப்போது எய்வது, எப்போது எய்யாமல் விடுவது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுதான், இருபதிலிருந்து இருபத்தைந்து சென்ரிமீற்றர் விட்டம். கணை கனமானது, மெதுவாகப் போவது, வேகமாக விழுவது. மான் 30 மீற்றரில் நிற்கிறது என்று நினைத்து எய்கிறீர்கள். உண்மையில் அது 40 மீற்றர். அந்தப் பத்து மீற்றர் பிழைக்குக் கணை 14 சென்ரிமீற்றர் கீழே போய்விடும். நடு மையத்தைக் குறிவைத்திருந்தாலும் நுரையீரலைத் தவறவிட்டு நெஞ்சுக் கீழ்ச் சதையிலோ முன்காலிலோ படும். அதனால்தான் தூரமானி ஆடம்பரம் இல்லை. பரணில் ஏறியவுடன் சுற்றியிருக்கும் மரங்களை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: அந்த வெள்ளை பேர்ச் 22, விழுந்த கட்டை 31. மான் வந்த பிறகு அளக்க நேரமும் கையில் நடுக்கமில்லாமையும் இருக்காது.

அதோடு சத்தம். குறுக்குவில் சத்தமில்லாதது என்பது பாதிக் கதை. நாண் விடுபடும்போது பலமான 'டக்' கேட்கும், சாதாரண வில்லைவிடக் கூட. ஒலி விநாடிக்கு 340 மீற்றர் போகும், கணை 120 தான். மான் 30 மீற்றரில் நின்றால் சத்தம் அதன் காதுக்குப் போய் 0.16 விநாடிக்குப் பிறகுதான் கணை வந்து சேரும். 50 மீற்றர் என்றால் அந்த இடைவெளி 0.27 விநாடி. வெள்ளைவால் மான் பாய்வதற்கு முன் முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்தும். கால் விநாடியில் அது தன் முதுகைக் கணைக்குக் கீழே கொண்டுபோய்விடும். பார்க்கிறவருக்குக் கணையைக் கண்டு குனிந்த மாதிரி இருக்கும். எந்தக் கொம்பன் வில்லும் ஒலியை முந்துவதில்லை. அதனால் பெட்டியில் '100 யார்ட்' என்று எழுதியிருப்பது காகித இலக்குக்கு. மானுக்கு முப்பது மீற்றர். கையும் மனமும் நன்றாகப் பழகிய பிறகு, மான் பதற்றமில்லாமல் மேயும்போது, நாற்பது. நான் அதற்கு மேல் போவதில்லை.

மான் எப்படி நிற்க வேண்டும்? பக்கவாட்டில், அல்லது பின்பக்கத்தை உங்கள் பக்கம் சற்றே திருப்பியபடி. பக்கவாட்டில் நின்றால் முன்காலின் பின் விளிம்புக்கு ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறி. சற்றே திரும்பி நின்றால், கணை மறுபக்க முன்கால் வழியாக வெளியே வரவேண்டும் என்று கற்பனை செய்து அதற்கேற்ப நுழையும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்களைப் பார்த்து நேரே நிற்கும் மானுக்கு எய்யாதீர்கள். நெஞ்செலும்பும் தோள் எலும்பும் நடுவில் நிற்கும். பரணுக்கு நேர் கீழே வந்து நிற்கும் மானும் அப்படித்தான், மேலிருந்து ஒரு நுரையீரல்தான் கிடைக்கும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும். பொறுத்திருந்தால் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி நிற்கும். போகாவிட்டால் போகட்டும்.

எய்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதைச் சொல்லும்போது என் மூன்றாவது வருடம்தான் நினைவு வரும். பின்னேரம், வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. நாற்பத்தைந்து மீற்றர் என்று தெரிந்தும் எய்தேன். மான் முதுகைக் கூனிக்கொண்டு ஓடாமல் நடந்தே போனது. அந்தக் கூனலின் அர்த்தம் குடலில் பட்டது என்பதுதான். வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனாலும் ஆசை விடவில்லை, பத்து நிமிடத்தில் இறங்கிப் பின்னால் போனேன். நூறு மீற்றருக்குள் படுத்திருந்த மான் என் காலடிச் சத்தத்தில் எழுந்து ஓடியது. அன்றிரவும் மறுநாளும் தேடினேன், ஈரநிலத்துக்குள் இரத்தத் தடம் நின்றுபோனது. அங்கேயே விட்டிருந்தால் அந்த மான் படுத்த இடத்திலேயே செத்திருக்கும், விடிய போய் எடுத்திருக்கலாம். அந்தப் பருவம் முழுவதும் நான் திரும்ப வில்லைத் தூக்கவில்லை.

அதனால் இறங்கியவுடன் மானைத் தேடாமல் கணையைத் தேடுங்கள், என்ன நடந்தது என்பதை அது சொல்லும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். நாலைந்து மணி நேரம் விடுங்கள். பச்சையாய்ப் பிசுபிசுத்து நாறினால் குடல். குறைந்தது ஆறு மணி, பின்னேரம் என்றால் விடியும்வரை. இரவு சூடாக இருந்தால் இறைச்சி கெடுமே என்று மனம் அடிக்கும். எழுப்பி ஓட்டினால் இறைச்சியே இல்லை என்பதை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுங்கள். தடம் பார்க்கும்போது இரத்தத்தின் மேல் நடக்காமல் பக்கத்தில் நடந்து, கடைசித் துளி கண்ட இடத்தில் கழிவறைக் காகிதத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துண்டுகள் மான் போன திசையை வரிசையாகக் காட்டும்.

மான் கிடைத்துவிட்டது. முதல் வேலை, நகர்த்துவதற்கு முன்னே, சீட்டில் உரிய இடத்தை வெட்டிக் குறிப்பது. இரண்டாவது வேலை குடல் எடுப்பது. ஊரில் ஆடு உரித்ததைப் பார்த்தவருக்கு இது புதிதில்லை. வயிற்றுத் தோலைக் கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து இரண்டு விரலுக்கு நடுவே கிழிக்க வேண்டும். குடலும் சலப்பையும் ஓட்டையாகக்கூடாது. மூச்சுக்குழாயை எவ்வளவு முன்னால் எட்டுமோ அங்கே அறுத்து எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்தெடுக்கலாம். பின்காலின் உட்பக்கம் கறுத்து மயிரடர்ந்த சுரப்பி ஒன்று இருக்கும். அதைத் தொட்ட கையாலும் கத்தியாலும் இறைச்சியைத் தொடாதீர்கள். மான் இறைச்சி மொச்சை நாற்றம் என்று சொல்பவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் இப்படி அழுக்கான இறைச்சி, அல்லது சூட்டில் கிடந்த இறைச்சி. கணை போன வழியில் முனைத் தகடு உடைந்து கிடக்கலாம், கையை மெதுவாக விடுங்கள். ஈயக் குண்டின் துகள் இறைச்சியில் இருக்குமோ என்ற பயம் குறுக்குவில்லில் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீட்டுக்கு இது நல்ல விடயம்.

சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். வில் பருவம் தொடங்கும் அக்டோபரில் பகல் சில நாள் இருபது பாகைக்குப் போகும். மானின் உடம்போ முப்பத்தெட்டு, தோல் ஒரு கம்பளி. தோலோடு காரில் ஏற்றி, வீட்டில் ஆட்களுக்குக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு நின்றால் பின்தொடை எலும்பைச் சுற்றி உள்ளேயிருந்து புளிக்கத் தொடங்கிவிடும். நான் காரிலேயே ஐஸ் மூட்டை வைத்திருப்பேன். குடல் எடுத்தவுடன் உள்ளே இரண்டு மூட்டை, வீடு வந்ததும் தோலை உரித்து விடுவேன். நாலு பாகைக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதுதான் கணக்கு. நவம்பர் என்றால் கராஜே குளிர்ப்பெட்டி; மூன்றிலிருந்து ஏழு நாள் தொங்கவிட்டால் இறைச்சி மெதுவாகும். அக்டோபரில் அந்த விளையாட்டு வேண்டாம், துண்டுபோட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து ஆறவிடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? எண்பது கிலோ மான் என்றால் குடல் எடுத்தபின் அறுபது சொச்சம். தோல், தலை, எலும்பு போக இருபத்தைந்திலிருந்து முப்பது கிலோ. நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் கிழமைக்கு ஒரு கறி என்றால் ஏழெட்டு மாதம் ஓடும். கொழுப்பை முழுதாகச் செதுக்கி எறியுங்கள். ஆட்டுக் கொழுப்பு மாதிரி அது வாசம் தராது. மெழுகு மாதிரி உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சவ்வையும் எடுத்துவிடுங்கள். முதுகுத் தசையைக் கறி வைத்து வீணாக்காதீர்கள், மிளகும் உப்பும் போட்டுச் சட்டியில் வாட்டினாலே போதும். தொடை, தோள் எல்லாம் கறிக்கு. கொழுப்பில்லாத இறைச்சி என்பதால் தேங்காய்ப்பால் கொஞ்சம் தாராளமாக. எங்கள் வறுத்த தூளுக்கு இதைப்போலப் பொருந்தும் இறைச்சி வேறில்லை என்பது என் கட்சி. ஈரலும் குண்டிக்காயும் எங்கள் ஆட்களுக்கு ஆசை, ஆனால் மான், மூஸ் இரண்டிலும் அவற்றைச் சாப்பிட வேண்டாம் என்று மாகாண அரசே சொல்கிறது; காட்மியம் என்ற உலோகம் அதில் சேர்ந்திருக்கும். மூளை, முதுகுத்தண்டு பக்கமும் போகாதீர்கள். மான்களின் மூளையைத் தின்னும் நாட்பட்ட மெலிவு நோய் (CWD) 2018 இல் பக்கத்து கியூபெக்கில் ஒரு மான் பண்ணையில் பிடிபட்டது. இந்த நோய் பரவாமலிருக்கத்தான் மான் மூத்திரம் கலந்த ஈர்ப்புப் பொருள்களைப் பாவிக்கவும் கையில் வைத்திருக்கவும் ஒன்ராறியோவில் தடை.

ஒரு எச்சரிக்கை, எங்கள் ஆட்களுக்கென்றே. மான் பருவத்தில்தான் தீபாவளி வரும். ஊரில் ஒரு கிடாயை அடித்து நாலு வீடு பங்கு போட்டுக் காசைப் பிரித்துக்கொள்வது வழக்கம். இங்கே மானில் அது நடக்காது. வேட்டை இறைச்சியை விற்பதும் வாங்குவதும் குற்றம், 'பங்குக் காசு' என்று பேரை மாற்றினாலும் விற்பனைதான். சும்மா கொடுக்கலாம், எவ்வளவும் கொடுக்கலாம். அண்ணன் வீட்டுக்கு ஒரு தொடை, காணிக்காரருக்கு நல்ல துண்டாக ஒரு பொதி. பெற்றோல் காசு தா என்று மட்டும் கேட்காதீர்கள். இறைச்சியைக் காட்டில் விட்டு அழுகவிடுவதும் அதே மாதிரிக் குற்றம்.

மூஸ் பற்றிக் கேட்டீர்கள். மூஸும் மான் இனம்தான், அந்தக் குடும்பத்தில் மிகப் பெரியது. மாடு இல்லை என்று வீட்டில் பெரியவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் விளக்க வேண்டியிருக்கிறது. ஆண் மூஸ் நானூறு, ஐநூறு கிலோ வரும். குறுக்குவில் அதையும் கொல்லும், ஆனால் நான் கொஞ்சம் கனமான கணையும், விரியும் முனைக்குப் பதில் அசையாத உறுதியான முனையும் எடுப்பேன், தூரத்தை இருபத்தைந்து மீற்றருக்குள் வைப்பேன். அடிபட்ட மூஸ் பல தடவை ஓடாது. ஒன்றும் நடக்காதது மாதிரி நின்று பார்க்கும். தவறிவிட்டது என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். சீட்டுக் கிடைப்பதுதான் கஷ்டம்: 2021 இலிருந்து புள்ளி முறை, வருடக்கணக்காக விண்ணப்பித்துப் புள்ளி சேர்க்க வேண்டும். கிடைத்தாலும் வடக்கே பல மணி நேரம் ஓட வேண்டும். விழுந்த இடத்திலேயே நாலு காலாக வெட்டி, துணிப்பையில் சுற்றி, சேற்றுக்குள்ளால் தோளில் சுமந்து வர வேண்டும். ஒரு பின்தொடை மட்டும் ஐம்பது கிலோவுக்கு மேல். இறைச்சி நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. அதை வைக்க ஒரு டீப் பிரீசர் போதாது.

அதனால் மானில் தொடங்குங்கள். இப்போதே வகுப்புக்குப் பதியுங்கள், கோடையில் கிழமைக்கு ஒருநாள் எய்து பழகுங்கள். பயிற்சி முனையோடு மட்டும் நிற்காமல் வேட்டை முனையோடும் எய்து பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் போய்க் குத்துவதில்லை. பரணில் உட்காரும் அதே கனமான ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, உயரத்திலிருந்து, உட்கார்ந்தபடி எய்யுங்கள். பருவம் முடிந்ததும் மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அரசுக்கு வேட்டை அறிக்கை அனுப்ப மறக்கவேண்டாம், அதற்கும் தண்டம் இருக்கிறது. முதல் வருடம் வெறுங்கையோடு வருவீர்கள், பெரும்பாலும் இரண்டாம் வருடமும். மூஸ் சீட்டு உங்களுக்கு விழும் காலத்தில் எனக்கு முழங்கால் இன்னும் வேலை செய்தால் சொல்லுங்கள், ஒரு காலைத் தூக்க நானும் வருகிறேன்.